நகல் எடுக்க மட்டும் பத்து லட்சம் பவுண்டு

2008 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு கட்டடத் தகராறுக்குத் தீர்ப்பு வந்தது. வெம்ப்ளி கால்பந்து மைதானத்தைக் கட்டிய மல்டிபிளெக்ஸ் நிறுவனத்துக்கும், அதற்கான இரும்பு வேலையை எடுத்திருந்த கிளீவ்லாந்து பிரிட்ஜ் நிறுவனத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு அது. தீர்ப்பின்படி மல்டிபிளெக்ஸுக்குக் கிடைத்தது சுமார் 61 லட்சம் பவுண்டு. அந்தத் தீர்ப்பு வரும் வரை இரு தரப்பும் சேர்ந்து வழக்குக்குச் செலவழித்தது 2 கோடி பவுண்டுக்கு மேல். ஆவணங்களை நகல் எடுத்த செலவு மட்டும் 10 லட்சம் பவுண்டு. பேசி முடித்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புகளை இருவரும் கைநழுவ விட்டதை நீதிபதி ஜாக்சன் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார்.

அதே ஆண்டு மார்ச்சில், அதே நகரத்தின் மேற்கு ஓரத்தில், ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையம் திறக்கப்பட்டது. செலவு 430 கோடி பவுண்டு. பண அளவில் வெம்ப்ளியைவிடப் பல மடங்கு பெரிய வேலை. கட்டுமானம் குறித்த காலத்தில், குறித்த பணத்துக்குள் முடிந்தது. உரிமையாளரும் பெரிய ஒப்பந்ததாரர்களும் நீதிமன்றப் படியேறவில்லை.

இரண்டும் ஒரே நாட்டின் வேலைகள், ஒரே பத்தாண்டின் வேலைகள். மாட் மெக்டொனால்ட் என்ற பொறியியல் நிறுவனம் இரண்டிலும் இருந்தது. வெம்ப்ளியில் அந்த நிறுவனத்தின் மீது மல்டிபிளெக்ஸ் 25.3 கோடி பவுண்டு கேட்டு வழக்குப் போட்டது. ஹீத்ரோவில் அதே நிறுவனம் மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வரைபடம் போட்டது. ஆட்களின் குணம் ஓர் இடத்தில் நல்லதாகவும் இன்னோர் இடத்தில் கெட்டதாகவும் மாறிவிடவில்லை. அவர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம்தான் வேறு.

இதைச் சொன்னதும் எழும் மறுப்பு பழகிப்போன ஒன்று. நம் ஊரில் வீடு கட்டுகிறவர் நான்கு பேரிடம் சதுர அடிக்கு என்ன ரேட் என்று கேட்டு, குறைத்துச் சொன்னவரிடம் வேலையைக் கொடுக்கிறார். பொதுப்பணித் துறை எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை எழுதியவர், யார் என்று பார்க்கிறது. சின்ன வேலையானாலும் பெரிய வேலையானாலும் நம்பிக்கை ஒன்றுதான்: நான்கு பேரைப் போட்டியிட வைத்தால் விலை இறங்கும்; ஒப்பந்தத்தை இறுக்கி எழுதிவிட்டால் நஷ்டம் வந்தாலும் அது ஒப்பந்ததாரர் தலையில் விழும்; வேலை கொடுப்பவரும் எடுப்பவரும் எட்ட நின்றால்தான் பணம் களவு போகாது. இதில் நிறுவனங்கள் கூடிப் பேசி, கணக்கைப் பகிர்ந்து, லாப நஷ்டத்தில் பங்கு போட்டு வேலை செய்வது என்றால், அது கொள்ளைக்குப் போடும் முகமூடியாகவே பலர் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த நம்பிக்கையை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வேண்டியவருக்கு வேலை, மேசைக்கு அடியில் பங்கு என்று பட்ட அனுபவத்திலிருந்து வந்தது அது. தமிழ்நாடு 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டமே இயற்றியதற்கு அந்த அனுபவம்தான் காரணம். ஆனாலும் நோக்கம் நல்லதாக இருப்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. மேலே சொன்ன மூன்று தூண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் தூண், விலை. டெண்டர் போடும் நாளில் ஒரு கட்டடத்துக்கு விலை என்று ஒன்று இல்லை, ஊகம்தான் இருக்கிறது. மண் எப்படி இருக்கும் என்று நாலைந்து இடத்தில் துளை போட்டுப் பார்த்திருப்பார்கள். வரைபடத்தில் பாதி இன்னும் முடிந்திருக்காது. மூன்று ஆண்டு கழித்துக் கம்பி என்ன விலை விற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து பேர் ஊகித்து எழுதிய ஐந்து தொகைகளில் மிகக் குறைந்தது பெரும்பாலும் மிகத் தவறாக ஊகித்தவருடையதாகவே இருக்கும். அல்லது அவர் வேண்டுமென்றே குறைத்து எழுதியிருப்பார். அடிமட்ட விலைக்கு வேலையைப் பிடித்துவிட்டு, எக்ஸ்ட்ரா ஐட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம், ரிவைஸ்டு எஸ்டிமேட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் புதிய செய்தி இல்லை. பிரிட்டனிலும் அதுதான் நடந்தது. பெரிய ஒப்பந்ததாரர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விழுக்காடு லாபம். அதுவும் வேலையிலிருந்து வருவதைவிட, வரைபடத்தில் உள்ள பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை எழுதுவதிலிருந்து வருவது அதிகம் என்ற நிலை உண்டானது. கட்டத் தெரிந்தவரைவிடக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு நிறுவனத்துக்குள் மதிப்பு கூடியது.

வெம்ப்ளி இதற்குச் சரியான சாட்சி. 44.5 கோடி பவுண்டு நிலையான விலைக்கு மல்டிபிளெக்ஸ் அந்த வேலையை எடுத்தது. உரிமையாளர் தரப்பு நிம்மதியாக இருந்திருக்கும்: விலை எழுதியாயிற்று, இனி ஏறாது. மைதானத்தின் மேலே 315 மீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கும் இரும்பு வில்தான் அதன் அடையாளம். அந்த இரும்பு வேலையில் தகராறு முற்றி, 2004இல் கிளீவ்லாந்து பிரிட்ஜ் பாதியில் வெளியேறியது. வேலை ஒரு டச்சு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2006 மே மாதம் அங்கே நடந்திருக்க வேண்டிய எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் நடந்தது. மைதானம் திறந்தது 2007 மார்ச்சில். நிலையான விலையை எழுதிக்கொடுத்த மல்டிபிளெக்ஸ் பெருநஷ்டத்தில் மாட்டி, அதே 2007இல் புரூக்ஃபீல்டு என்ற கனடா நிறுவனத்தின் கைக்குப் போனது. மாட் மெக்டொனால்ட் மீது போட்ட வழக்கு 2010இல் விசாரணைக்கு முன்பே சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தில் விலை அசையாமல் நின்றதால் யாருக்கு என்ன லாபம்? உரிமையாளருக்கு மைதானம் தாமதமானது. ஒப்பந்ததாரர் நொந்தார். துணை ஒப்பந்ததாரர் நீதிமன்றத்தில் நின்றார்.

இரண்டாவது தூண், ஆபத்தைத் தள்ளிவிடுவது. ஒப்பந்தத்தில் "எல்லாப் பொறுப்பும் ஒப்பந்ததாரருடையதே" என்று எழுதுவது மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். பூமி அந்த ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.

1994 அக்டோபர் 20 இரவு தொடங்கி 21 விடிவதற்குள், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்காக விமான நிலையத்தின் நடுப்பகுதியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்கள் இடிந்தன. மேலே தரை உள்வாங்கியது. ஓர் அலுவலகக் கட்டடம் சாய்ந்தது. நல்லவேளை, ஓர் உயிரும் போகவில்லை. பின்னர் 1999இல் ஒப்பந்ததாரர் பால்ஃபோர் பீட்டிக்கு நீதிமன்றம் 12 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. சுரங்க ஆலோசனை சொன்ன ஜியோகன்சல்ட்டும் தண்டிக்கப்பட்டது. பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கான தண்டனை அது. நியாயமான தண்டனை.

இடிந்த மறுநாள் உரிமையாளரான பிஏஏ நிறுவனத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒப்பந்ததாரரை விரட்டிவிட்டு வழக்குப் போடுவது ஒன்று. எழுதியிருந்த ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் வழக்கு நடக்கும் காலமெல்லாம் பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். ஒவ்வொருவரும் தன் ஆவணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று சொல்லப் பயப்படுவார்கள். பிஏஏ மற்ற வழியைத் தேர்ந்தது. பால்ஃபோர் பீட்டியை வெளியே அனுப்பாமல், உரிமையாளர், ஒப்பந்ததாரர், வடிவமைப்பாளர் எல்லாரையும் ஒரே குழுவாக உட்கார வைத்தது. பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்பி, அதைச் சுற்றிச் சுமார் 60 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டச் சுவரை இறக்கி, அதற்குள் மறுபடி தோண்டினார்கள். இழந்த காலத்தில் ஒரு பகுதியை மீட்டார்கள். 1998 ஜூனில் ரயில் முழு அளவில் ஓடத் தொடங்கியது.

குற்றத்துக்குத் தண்டனையும் கிடைத்தது, வேலையும் நடந்தது. கூட்டுறவு என்றால் தவறை மன்னித்து மூடிவிடுவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சட்டத்தின் முன் பொறுப்பு அப்படியே இருந்தது. தளத்தில் மட்டும், யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியை விட்டுவிட்டு எப்படிச் சரிசெய்வது என்ற கேள்விக்குப் போனார்கள்.

ஐந்தாவது முனையம் இந்தப் பாடத்திலிருந்துதான் பிறந்தது. அதற்கான பொது விசாரணையே 1995 முதல் 1999 வரை 525 நாள் நடந்தது. பிரிட்டன் வரலாற்றில் கட்டுமானத் திட்டங்களின் அனுமதிக்காக நடந்த விசாரணைகளில் அதுவே மிக நீண்டது. பிஏஏ அந்தக் காலத்தை வீணாக்கவில்லை. உலகின் மற்ற விமான நிலையங்களும் பிரிட்டனின் பெரிய கட்டுமானங்களும் எப்படி நடந்தன என்று ஆராய்ந்தது. வழக்கமான வழியில் போனால் காலமும் பணமும் எகிறும், உயிர்ச்சேதமும் நேரும் என்று அதற்குத் தெரிந்தது. தலைகீழாக ஒரு முடிவை எடுத்தது: ஆபத்து முழுவதையும் தானே சுமப்பது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே காப்பீட்டைத் தானே எடுத்தது. ஒப்பந்ததாரர்களுக்கு உண்மையில் ஆன செலவு, அதன்மேல் முன்பே பேசி முடித்த லாபம், நன்றாகச் செய்தால் மிச்சத்தில் பங்கு. பதிலுக்கு அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உட்பொருளைப் புரிந்துகொண்டால் கூட்டுறவு எதனால் வேலை செய்கிறது என்பது விளங்கும். செலவை மறைப்பதால் லாபம் இல்லை. எல்லாம் திறந்த கணக்கில் இருக்கிறது. பிழையை மறைப்பதாலும் லாபம் இல்லை. அதற்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை, சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் சரியாகும். பக்கத்து நிறுவனத்தின் தாமதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதாலும் லாபம் இல்லை. மிச்சம் குறைந்தால் எல்லார் பங்கும் குறையும். இங்கே யாரும் யாரையும் நல்லவர் என்று நம்பச் சொல்லவில்லை. சுயநலத்தோடு இருக்கிற ஒருவர்கூட, தன் சுயநலத்துக்காகவே, உண்மையைச் சொல்லும்படி கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

விமான நிலையம் மட்டும் இதற்குச் சான்று என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். வட கடலில் ஆண்ட்ரூ என்றொரு எண்ணெய் வயல். 1974இல் பிபி நிறுவனம் கண்டுபிடித்தது. எடுத்தால் கட்டுப்படியாகாது என்று இருபது ஆண்டு தொடாமலே கிடந்தது. மேடை கட்ட 45 கோடி பவுண்டு ஆகும் என்பது மதிப்பீடு. 1990களில் பிபி ஏழு ஒப்பந்ததாரர்களோடு சேர்ந்து 37.3 கோடி என்று ஓர் இலக்கு விலை வைத்தது. இலக்குக்குக் கீழே முடித்தால் மிச்சத்தில் எல்லாருக்கும் பங்கு, மேலே போனால் நஷ்டத்திலும் பங்கு. முடிந்தபோது ஆன செலவு 29 கோடி. 1996இல், திட்டமிட்டதற்கு ஆறு மாதம் முன்னதாகவே எண்ணெய் வந்தது. இயற்பியலோ கடலோ மாறவில்லை. குழாய் போடுகிறவரும் மேடை செய்கிறவரும் வரைபடம் முடியும் முன்பே ஒன்றாக உட்கார்ந்து, எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம் என்று பேசியதுதான் மாற்றம்.

மூன்றாவது தூணான இடைவெளிக்கு வருவோம். எட்ட நின்றால் கூட்டுக் கொள்ளை நடக்காது என்பது பலருடைய உறுதியான நம்பிக்கை. 2009 செப்டம்பரில் பிரிட்டனின் நியாய வணிக அலுவலகம் 103 கட்டுமான நிறுவனங்களுக்கு மொத்தம் 12.95 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சிலருக்குத் தொகை குறைந்தது, குற்றம் மறையவில்லை. அவர்கள் செய்தது என்ன? டெண்டரில் ஜெயிக்க விரும்பாத நிறுவனம் மற்ற நிறுவனத்திடம் கேட்டு, வேண்டுமென்றே உயர்த்திய விலையை எழுதிப் போடுவது. பள்ளிகள், மருத்துவமனைகள், வீடுகள் என்று பொதுப்பணத்தில் நடந்த வேலைகளில் போட்டி நடப்பது போன்ற தோற்றம் மட்டும் இருந்தது. அத்தனையும் போட்டி டெண்டர்களில் நடந்தது; இழுத்துமூடிய உறைகளுக்குள் நடந்தது. நம் ஊரில் இதற்குச் சிண்டிகேட் என்று பெயர். சிண்டிகேட் வளர்கிற மண் எது என்று பார்த்தால், விலை ஒன்றை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுக்கிற டெண்டர்தான். ஒரே ஒரு எண்தான் வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால், அந்த ஒரு எண்ணைப் பேசி வைத்துக்கொள்வது எளிது. செலவின் ஒவ்வொரு வரியையும் திறந்து காட்ட வேண்டிய இடத்தில் அது கடினம்.

அரசுக்கு இதெல்லாம் ஒத்துவராது, அரசு சட்டப்படி குறைந்த விலைக்காரரைத்தான் எடுக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் அமெரிக்க ராணுவத்திடம் இருக்கிறது. அங்கே அணைகளும் நீர்வழி மதகுகளும் கட்டுவது ராணுவப் பொறியாளர் படை. வழக்குகளில் மூழ்கிக்கொண்டிருந்த அந்தப் படை 1980களின் இறுதியில் அலபாமா மாநிலத்தில் ஆலிவர் அணையின் மாற்றுக் கட்டுமானத்தில் கூட்டுறவு முறையைத் தொடங்கியது. டெண்டர் முறையை அது கைவிடவில்லை. போட்டியில் ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்த பிறகு, வேலை தொடங்கும் முன் இரு தரப்பும் சில நாள் ஒன்றாக உட்கார்ந்து, இலக்கு என்ன, பிணக்கு வந்தால் யார் யாரிடம் எத்தனை நாளுக்குள் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். கீழ்மட்டத்தில் தீராதது குறித்த நாளில் மேல்மட்டத்துக்குப் போகும். கடிதப் போருக்கு இடமில்லை. சட்டத்தை மாற்றாமலே செய்யக்கூடிய வேலை இது.

எதிர்த்தரப்பிடம் இன்னும் வலுவான சான்றுகள் இருக்கின்றன; அவற்றை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது.

ஐந்தாவது முனையத்தின் திறப்பு நாளையே எடுத்துக்கொள்ளலாம். 2008 மார்ச் 27 அன்று பயணப்பைகள் குவிந்து, விமானங்கள் ரத்தாகி, பிரிட்டன் தலைகுனிந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இதைக் காட்டி, கூட்டுறவு தோற்றது என்று எழுதினார்கள். நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு ஆராய்ந்தபோது வெளிவந்தது வேறு கதை. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் பழக்கமும் இல்லை. நிலையத்தின் உரிமையாளரும் அதில் இயங்கும் விமான நிறுவனமும் கடைசிக் கட்டத்தில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கட்டும்போது ஆண்டுக்கணக்கில் கடைப்பிடித்த ஒழுங்கு, இயக்கத் தொடங்கும் வாசலில் விட்டுப்போனது. கூட்டுறவு எங்கே நின்றதோ அங்கேதான் பைகள் குவிந்தன.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடம் இன்னும் கடுமையான சான்று. 1997இல் 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை என்று பேசப்பட்டது. 2004இல் முடிந்தபோது 41.4 கோடி. அங்கே நிலையான விலை இல்லை. வேலையை அறுபதுக்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரிமையாளரே நேரடியாகக் கொடுத்தார். விலையைத் திறந்து வைத்தால் இதுதான் கதி என்கிறார்கள். ஆனால் அங்கே திறந்திருந்தது பணப்பெட்டி ஒன்றுதான். எல்லாரும் ஒப்புக்கொண்ட இலக்கு விலை இருக்கவில்லை. மிச்சத்திலும் நஷ்டத்திலும் யாருக்கும் பங்கு இல்லை. ஆபத்து முழுதும் பொதுமக்கள் தலையில் இருக்க, அதைக் குறைப்பதால் ஒருவருக்கும் காசு கிடைக்காத ஏற்பாடு அது. விசாரித்த ஃபிரேசர் பிரபுவும் இந்த ஒப்பந்த முறையின் தேர்வைத்தான் கண்டித்தார். ஐந்தாவது முனையத்திலும் ஆபத்தை உரிமையாளர்தான் சுமந்தார். அதைக் குறைப்பதில் அத்தனை பேருக்கும் பங்கு வைத்திருந்தார். வேறுபாடு அங்கே இருக்கிறது.

லண்டனின் கிராஸ்ரெயில் ரயில் பாதையும் அப்படித்தான். கூட்டுறவுக்கென்றே எழுதப்பட்ட என்இசி வகை ஒப்பந்தங்களைப் பயன்படுத்தியும், 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது 2022 மே மாதம்தான் திறந்தது. முதன்மை ஒப்பந்தங்கள் 36. ஒவ்வொருவரும் தன் துண்டுக்குள் நன்றாக இருந்தார். துண்டுகள் சேரும் இடம் எல்லாருக்கும் பொதுவாக, அதனாலேயே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. நல்ல தாளில் நல்ல ஒப்பந்தத்தை அச்சிட்டால் போதாது என்பதற்கு இது சான்று. பழைய முறைக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதற்கு இது சான்றாகாது.

கூட்டுறவின் பெயரைக் கெடுத்தவர்கள் அதன் எதிரிகளைவிட அதை உதட்டளவில் உச்சரித்தவர்கள்தான். பிரிட்டனின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான கரிலியன் 2018 ஜனவரி 15 அன்று கவிழ்ந்தது. கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு; கையில் மிஞ்சியது 2.9 கோடி. அதன் கீழ் பொருள் கொடுத்தவர்களும் துணை ஒப்பந்ததாரர்களும் சுமார் 30,000 பேர். உரிய காலத்தில் பணம் தருவோம் என்ற உறுதிமொழிப் பட்டியலில் கையெழுத்திட்டிருந்த அதே நிறுவனம், அவர்களுக்கு 120 நாள் கழித்துப் பணம் தரும் வழக்கத்தை வைத்திருந்தது. அவர்களுடைய பணத்தைத்தான் தன் முதலீடாகச் சுழற்றியது. லிவர்பூலிலும் பர்மிங்காம் அருகிலும் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெரிய மருத்துவமனைகள் பாதியில் நின்றன. ஒன்று 2022இல், மற்றது 2024இல்தான் நோயாளிகளுக்குத் திறந்தது. எல்லாரையும் பங்காளி என்று அழைத்துவிட்டு, பங்காளியின் பில்லை நான்கு மாதம் மேசை இழுப்பறையில் போட்டு வைப்பதைக் கூட்டுறவு என்று யாரும் ஏற்கத் தேவையில்லை.

ஆகவே ஓர் ஏற்பாடு உண்மையான கூட்டுறவா, பெயர்ப்பலகையா என்று சோதிப்பது கடினமில்லை. கணக்கு திறந்திருக்கிறதா? ஆபத்தைக் குறைத்தால் எல்லாருக்கும் அதன் பலனில் பங்கு உண்டா? அடிமட்டத்தில் இருப்பவருக்குப் பணம் எத்தனை நாளில் போகிறது? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதை வேறு பெயரில் அழைக்க வேண்டும். பிரிட்டன் கூட்டுறவைச் சட்டத்தின் துணையோடுதான் கொண்டுவந்தது. கட்டுமானத் தொழில் பற்றி மைக்கேல் லேத்தம் 1994இல் கொடுத்த அறிக்கை நிறுவனங்கள் கைகோக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. பிணக்குகளை விரைவாகத் தீர்க்கவும் பணம் தடையின்றிக் கீழே போகவும் சட்டம் கேட்டது. 1996இல் சட்டம் வந்தது. 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மேலேயிருந்து எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன் என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லாது என்று ஆனது. தகராறு வந்தால் 28 நாளில் நடுவர் முடிவு சொல்ல வேண்டும், வேலை நிற்கக்கூடாது. அதற்கு முன் 1944இல் சைமன் அறிக்கை, 1964இல் பான்வெல் அறிக்கை என்று அரை நூற்றாண்டாக இதே நோயைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். சட்டத்தின் பல் முளைத்த பிறகுதான் மாற்றம் தளத்துக்கு வந்தது.

இந்தியாவில் நிலை என்ன? 2016இல் மத்திய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நடுவர் மன்றத்தில் ஒப்பந்ததாரர் ஜெயித்த பிறகும் அரசு நிறுவனங்கள் மேல்முறையீடு செய்துகொண்டே போவதால் தேங்கிய தொகையில் 75 விழுக்காட்டை, வங்கி உத்தரவாதத்தின் பேரில் விடுவிக்கலாம் என்றது. குறைந்த விலையும் இறுக்கமான ஒப்பந்தமும் பொதுப்பணத்தைக் காப்பாற்றியிருந்தால், இப்படியொரு முடிவுக்கு அவசியமே வந்திருக்காது. 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் இன்னொரு கதவைக் கொஞ்சம் திறந்தது: தரம் முக்கியமான கட்டுமானங்களில் விலையோடு தரத்துக்கும் 30 விழுக்காடு வரை மதிப்பெண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று வழிகாட்டியது. அந்தக் கதவு வழியாக உள்ளே போகிற துறைகள் எத்தனை என்பதைப் பொறுத்தே அதன் பயன்.

தணிக்கைக்குப் பயந்து அதிகாரிகள் எல்-1ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது உண்மை. அந்தப் பயத்தையும் குற்றம் சொல்ல முடியாது. குறைந்த விலைக்குக் கொடுத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, பாலம் தாமதமானாலும். ஐந்து விழுக்காடு கூடுதல் கொடுத்து நல்லவரை எடுத்தவர் ஓய்வு பெற்ற பிறகும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனவே மாற வேண்டியது தணிக்கையின் கேள்வி. டெண்டர் நாளில் விலை எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், வேலை முடிந்த நாளில் மொத்தம் எவ்வளவு ஆனது, எத்தனை மாதம் தாமதம், நடுவர் மன்றத்தில் எவ்வளவு போனது, சப்-கான்ட்ராக்டருக்கும் கொத்தனாருக்கும் எந்தத் தேதியில் கூலி போனது என்று கேட்கட்டும். திறந்த கணக்கைப் பொதுமக்களும் பார்க்கக் கிடைக்கச் செய்யட்டும். அப்போது கூடிச் செய்வதில் கள்ளம் புகுந்தால் வெளிச்சத்துக்கு வரும். எட்ட நின்று செய்வதில் ஒளிந்திருக்கும் கள்ளமும் வரும்.

ஐந்தாவது முனையத்தின் கூரை 156 மீட்டர் அகலம், இடையில் ஒரு தூண்கூடக் கிடையாது. விமான நிலையத்தின் ராடாருக்கு இடையூறு வரக்கூடாது என்பதால் உயரமான கிரேன்களை நிறுத்த முடியாத இடம். கூரையைத் தாழ்வாகவே பூட்டி, ஜாக்கிகள் வைத்து மெல்ல மேலே தூக்க வேண்டும். வடிவமைத்தவர்களும் இரும்பு வேலை செய்தவர்களும் தூக்குகிறவர்களும் சேர்ந்து, கூரையின் ஒரு பகுதியை யார்க்‌ஷயரில் முழு அளவில் ஒருமுறை பூட்டிப் பார்த்தார்கள். எங்கே பொருந்தவில்லை, எந்தத் திருகாணியை எட்டிப் பிடிக்க முடியவில்லை, எந்த வரிசையில் செய்தால் ஆபத்து என்று குறித்துக்கொண்டு பிரித்தார்கள். பிறகு ஹீத்ரோவுக்கு வந்தார்கள். அந்த ஒத்திகை தளத்தில் பல வாரங்களை மிச்சப்படுத்தியது. கட்டிப் பார்த்துப் பிரித்த அந்தச் செலவை ஏற்றது உரிமையாளர். எல்-1 டெண்டரில் இப்படி ஓர் ஒத்திகைக்கு எந்த வரியில் தொகை எழுதுவது, அதை எழுதுகிற ஒப்பந்ததாரர் எப்படி ஜெயிப்பது? அடுத்து வரப்போகிற மேம்பாலத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் விலைப்பட்டியல் தயாரிக்கிற பொறியாளர்கள் அந்த வரியைச் சேர்க்கத் துணிய வேண்டும். அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் அதை அடிக்காமல் விட வேண்டும்.